பதினெட்டு நாள் இருமல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சில நூறு பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். சளி பிடித்து இருமல் வருகிறது, மருந்து எதுவும் சாப்பிடவில்லை, எத்தனை நாளில் நிற்கும்? ஏழு முதல் ஒன்பது நாள் என்று பதில் வந்தது. அதே ஆய்வாளர்கள், இருமல் எத்தனை நாள் நீடித்தது என்று எண்ணிவைத்திருந்த பழைய ஆய்வுகளைத் திரட்டிச் சராசரி போட்டார்கள். 17.8 நாள் வந்தது. 2013இல் வெளியான கணக்கு இது.

எட்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் நடக்கிறது. எட்டாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டானிக். பத்தாம் நாள் டாக்டர். பதின்மூன்றாம் நாள், "அவர் மருந்து கேட்கல" என்று வேறு டாக்டர். பதினைந்தாம் நாள் ஊரிலிருந்து அத்தை போன் செய்து ஒரு கசாயம் சொல்கிறார். பதினெட்டாம் நாள் இருமல் நிற்கிறது. அத்தைக்குப் பெயர் கிடைக்கிறது. அத்தை முதலில் சொல்லி டாக்டர் கடைசியில் வந்திருந்தால் பெயர் டாக்டருக்குப் போயிருக்கும். இருமலுக்கு ஊருக்கு ஊர் இத்தனை வைத்தியம் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தானே போகிற நோய்க்கு எந்த மருந்தும் பலிக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சிலவற்றில் சரக்கு இருக்கிறது, சிலவற்றில் இல்லை, ஒன்றிரண்டில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், காய்ச்சலும் மூக்கொழுகலும் போன பிறகு இருமல் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இருமல் நடப்பது ஒரு நொடிக்குள். முதலில் ஆழமாக மூச்சை இழுக்கிறோம். குரல்வளையின் வாசல் ஏறக்குறைய 0.2 நொடி இறுக மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நெஞ்சுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றை அழுத்துகின்றன. பலமான இருமலில் அந்த அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும் என்கின்றன பாடநூல்கள். நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் 120தான். பிறகு வாசல் சட்டென்று திறக்கிறது. இரண்டு வாரம் இருமியவருக்கு விலா எலும்பு வலிப்பதிலும், வயதான பெண்களுக்குச் சிறுநீர் கசிவதிலும் வியப்பில்லை.

இருமலைக் கிளப்பும் தகவல் மூளைக்குப் போகிற பாதை வேகஸ் நரம்பு. மூளைத் தண்டிலிருந்து கிளம்பிக் குரல்வளை, மூச்சுக்குழாய், இதயம், இரைப்பை என்று வயிறு வரை ஓடும் நீண்ட நரம்பு அது. அதன் ஒரு சின்னக் கிளை காதுக்கும் போகிறது. பட்ஸ் வைத்துக் காது குடைந்தால் சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை, ஆனால் மூளைக்குத் தகவல் அதே கம்பி வழியாக வந்துசேர்கிறது.

சளிக் காய்ச்சல் தரும் வைரஸ், மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கைச் சிதைத்துவிட்டுப் போகிறது. அந்த அடுக்குக்குள் பதுங்கியிருந்த நரம்பு முனைகள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. தோல் உரிந்த விரலில் எலுமிச்சைச் சாறு பட்டதுபோல, முன்பு உறைக்காததெல்லாம் இப்போது உறைக்கும். வைரஸ் உடம்பை விட்டு ஒரு வாரத்தில் போய்விடுகிறது. அடுக்கு வளர்ந்து நரம்பு அடங்க இன்னும் பல வாரம் ஆகலாம். சத்தமாகச் சிரித்தால் இருமல், போனில் ஐந்து நிமிடம் பேசினால் இருமல், குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் இருமல். நெஞ்சில் சளியே இருக்காது. "சளி உள்ளே கட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். பல சமயம் உள்ளே ஒன்றுமே கட்டியிருக்காது.

நரம்பு எவ்வளவு எரிச்சலில் இருக்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் அளக்கிறார்கள். அளக்கும் பொருளைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்: மிளகாயின் காரச்சத்தான காப்சைசின். அதை மெல்லிய பனிப்புகையாக்கி முகர வைத்து, எத்தனை சிறிய அளவில் இருமல் கிளம்புகிறது என்று பார்க்கிறார்கள். வரமிளகாய் தாளிக்கும் நெடி எட்டியதும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் இருமினால், அது அதே சோதனைதான். காப்சைசினை உணரும் ஏற்பியை, டி.ஆர்.பி.வி.-1 என்ற புரதத்தை, டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டுபிடித்தார். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சூட்டையும் காரத்தையும் ஒரே வாசலில் உணரும் இந்த ஏற்பி இருமல் நரம்பிலும் இருக்கிறது.

இனிக் குளிரைப் பார்க்கலாம். மார்கழிப் பனி தலையில் இறங்கித்தான் சளி பிடிக்கிறது என்பது நம் ஊரின் உறுதியான நம்பிக்கை. சென்னையில் மார்கழி விடியலில் சுமார் 20, 21 டிகிரி இருக்கும். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாக்காரரிடம் அதைக் குளிர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனாலும் மார்கழியில் இருமல் அதிகம் என்பது பொய்யில்லை. இந்தியாவின் ஃப்ளூ காலம் இடத்துக்கு இடம் மாறும். காஷ்மீரில் ஜனவரி முதல் மார்ச் வரை, நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் அது உச்சத்துக்குப் போகிறது. அதாவது நமக்கு வைரஸ் வருவது ஐப்பசி அடைமழையிலும் கார்த்திகையிலும். அதோடு பதினெட்டு நாளைக் கூட்டிப் பாருங்கள். மார்கழியில் கேட்கும் இருமலில் பெரும்பங்கு கார்த்திகையின் பாக்கி. பனிமேல் பழி விழுகிறது.

பனிக்கு முழு விடுதலையும் கொடுத்துவிட முடியாது. சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரஸ் 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகும். அந்தக் குளிர்ச்சியில் மூச்சுப்பாதைச் செல்களின் எதிர்ப்பு மந்தமாகிவிடுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் 2015இல் காட்டினார்கள். நியூயார்க்கில் பீட்டர் பலேசியின் குழு 2007இல் சீமைப்பெருச்சாளிகளை வைத்து, குளிர்ந்த வறண்ட காற்றில் ஃப்ளூ சுலபமாகத் தாவுவதைக் காட்டியது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஜனவரி இரவுகளுக்கு இது பொருந்தும். சமவெளியில் நம் டிசம்பர் வறண்டதல்ல. இங்கே விடியற்காலைக் குளிர் செய்வது வேறு வேலை: ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. கூடவே, குளிர்ந்து அசையாமல் நிற்கும் காற்றில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும். மார்கழியின் கடைசி நாள் போகி. அன்று காலை சென்னையில் டயர் எரியும் வாசத்தோடு எழுபவர்களுக்கு, ஆறிவந்த இருமல் திரும்பி வந்துவிடும். பனிக்குப் பயந்து குல்லாய் போட்டுக்கொள்கிறோம். புகைக்கு நாமே குச்சி கிழித்துப்போடுகிறோம்.

வைத்தியங்களில் தேனுக்கு முதலிடம் கொடுக்கலாம். 2007இல் பென்சில்வேனியாவில் சளி இருமலோடு வந்த 105 குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரவு படுக்கும் முன் கரும் நிற பக்வீட் தேன், இன்னொன்றுக்குத் தேன் சுவை சேர்த்த டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் பெற்றோரிடம் கேட்டபோது தேன் சாப்பிட்ட குழந்தைகள்தான் அதிகம் தேறியிருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து இஸ்ரேலில் 300 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதில் மூன்று வகைத் தேனுக்கு எதிராக, பார்க்கவும் ருசிக்கவும் தேனைப் போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகைக் கொடுத்தார்கள். படுப்பதற்கு அரை மணி முன் 10 கிராம். பாகு கொடுத்த குழந்தைகளும் தேறினார்கள். தேன் கொடுத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2018இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், சாதாரண இருமலுக்கு ஆண்டிபயாட்டிக்கைத் தேடாமல் தேனை முதலில் முயலலாம் என்று எழுதியது.

பாகு குடித்தவர்களும் தேறினார்கள் என்பதைக் கவனியுங்கள். பிலடெல்பியாவில் மோனெல் ஆய்வு மையத்தில், சர்க்கரைத் தண்ணீரை வாயில் கொப்பளித்த பிறகு காப்சைசின் முகர வைத்தார்கள். இருமல் கிளம்ப முன்னைவிட அதிகக் காப்சைசின் தேவைப்பட்டது. இனிப்பே இருமலைக் கொஞ்சம் அடக்குகிறது. இனிப்பு பட்டதும் எச்சில் சுரக்கிறது, விழுங்குகிறோம், குரல்வளை நனைகிறது. நாக்கிலிருந்து போகும் சுவைச் செய்தி மூளைத் தண்டில் இருமல் மையத்துக்குப் பக்கத்திலேயே போய் இறங்குகிறது. பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு தூங்கப்போன தாத்தாவுக்கு இந்த நரம்பியல் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சர்க்கரை நோயாளிகள்தான் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அது முளைக்காது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கலாம். தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று தேனைத் தொட்டு நாக்கில் வைக்கும் வழக்கம் உண்டு. உரைகல்லில் வசம்பு, சித்தரத்தை எல்லாம் உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் உண்டு. பாட்டி மனம் நோகுமே என்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து மிளகுப்பால், சுக்குக்காபி. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் காரச்சத்தும் முட்டுவது அதே டி.ஆர்.பி.வி.-1 வாசலில்தான். இருமலைக் கிளப்பும் பொருளே இருமலுக்கு மருந்தாவது எப்படி? நெடியாக மூச்சுக்குழாய்க்குள் போனால் கிளப்பும். திரவமாக வாய்க்குள் போனால் எச்சிலும் மூக்கின் ஈரமும் பெருகும், தொண்டை நனையும். ஒரே வாசலைத் தொடர்ந்து தட்டினால் அது கொஞ்ச நேரம் மரத்தும் போகும். ஆனால் மிளகுப்பால் குடித்தவருக்கு இருமல் நாலு நாள் முன்னதாக நின்றது என்று சொல்லும் தரமான சோதனை கிடையாது. சூட்டைப் பற்றி ஒரு சுவையான தகவல் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்கென்றே ஓர் ஆய்வு மையம் நடத்திய ரான் எக்கல்ஸ், 30 பேருக்கு ஒரு பழரசத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார். 2008இல் வெளியான முடிவு: சூடானது தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி எல்லாவற்றுக்கும் இதமாக இருந்தது. இருமலுக்கோ, சூடாகக் குடித்தாலும் ஆறக் குடித்தாலும் இதம் கிடைத்தது. மூக்கில் காற்று போகும் அளவைக் கருவி வைத்து அளந்தால், அதில் மாற்றமே இல்லை. மூக்கு திறந்துவிட்டதாகக் குடித்தவர் உணர்ந்தார், அவ்வளவுதான். எக்கல்ஸ் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. இதம் கிடைக்கத்தானே குடிக்கிறோம்?

மஞ்சளின் புகழ் அளவுக்கு இருமலில் அதற்கு ஆதாரம் இல்லை. அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் வாரக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் கைக்கெட்டும் தூரத்தில் அதிமதுரப் பொடி டப்பாவை வைக்காமலிருப்பது நல்லது.

ஆடாதோடைக்கு வருவோம். தென்தமிழ்நாட்டில் வேலியோரம் தானாக வளர்ந்து நிற்கும் செடி. நீண்ட ஈட்டி இலை, வெள்ளைப் பூ, ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும் கசப்பு. இரண்டு இலையைக் கிள்ளி நடு நரம்பை எடுத்துவிட்டு, நாலு மிளகு தட்டிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கால் டம்ளராக வற்றும்வரை கொதிக்கவிட்டால் கரும்பச்சையில் ஒரு கசாயம் இறங்கும். குடிக்கிற பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சித்த மருத்துவர்கள் அதையே சர்க்கரைப் பாகில் காய்ச்சி ஆடாதோடை மணப்பாகு என்று கொடுக்கிறார்கள். அதைப் பிள்ளை தானே கேட்டு வாங்கிக் குடிக்கும்.

அந்த இலையில் வாசிசின் என்று ஓர் ஆல்கலாய்டு உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதன் வடிவத்தைப் பார்த்து, அதில் கொஞ்சம் வெட்டி ஒட்டிச் செய்த மருந்துதான் புரோம்ஹெக்சின். 1960களில் விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறும் பொருளைத் தனியாகப் பிரித்து இன்னொரு மருந்தாக்கினார்கள். அது ஆம்ப்ராக்சால். வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் சிரப்பை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும். கசாயத்துக்குப் பயந்து சிரப்புக்கு மாறியவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வேலியோரச் செடிக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கெட்டியான சளியை இளக்குவது. ஆகவே கோழை கட்டிய இருமலுக்கு இதில் பொருள் உண்டு. பதினைந்தாம் நாளின் வறட்டு இருமலுக்கு இளக்க ஏது சளி? அங்கே கசாயமும் சிரப்பும் செய்வது பெரும்பாலும் அந்த இனிப்பு செய்கிற வேலைதான். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. இதைச் சித்த மருத்துவர்களே சொல்வார்கள், யூடியூப் வைத்தியர்கள் சொல்வதில்லை.

ஆவி பிடிப்பதும் தைலம் தடவுவதும் நீண்ட பேச்சுக்கு உரியவை அல்ல. மென்தால், குளிரை உணரும் ஏற்பியைத் தூண்டி மூக்கு திறந்ததாக ஓர் உணர்வைத் தருகிறது. தைலம் தடவிய பிள்ளைகள் இரவில் கொஞ்சம் அமைதியாகத் தூங்குகிறார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரத் தைலம் வேண்டாம். ஆவியால் இருமல் சீக்கிரம் போகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கொதிக்கும் பாத்திரம் சாய்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு என்பதற்குச் சான்று ஏராளம்.

சிரப்பின் வரலாறுதான் கவலைக்குரியது. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஒரு புதிய இருமல் மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வணிகப் பெயர் ஹெராயின். ஆமாம், அதே ஹெராயின். மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது என்று சொல்லி, காசநோயாளிகளின் இருமலுக்கும் கொடுத்தார்கள். பிறகு அபினியிலிருந்தே கிடைக்கும் கோடீன் நெடுங்காலம் இருமல் மருந்துகளின் அரசனாக இருந்தது. கார்டிஃப் எக்கல்ஸ் இந்த வகை மருந்துச் சோதனைகளை எல்லாம் எடுத்துவைத்துக் கணக்குப் போட்டபோது, சளி இருமலில் தெரிந்த குறைவில் 85 சதவீதம் வரை வெற்று மருந்துக்கே கிடைத்தது. மருந்தின் சொந்தப் பங்கு மீதி. குழந்தைகளுக்குக் கோடீன் மூச்சை அடக்கிவிடும் என்பதால் அமெரிக்காவில் 2018 முதல் 18 வயதுக்குக் கீழே கோடீன் சேர்ந்த இருமல் மருந்தே கூடாது என்றாகிவிட்டது.

அரசன் போனாலும் புட்டிக்குள் இருக்கும் தித்திப்பான திரவம் போகவில்லை. சிரப்புக்கு உடல் தருவது கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் போன்ற கரைப்பான்கள். மருந்துத் தரத்தில் அவை விலை கூடியவை. தொழிற்சாலைத் தரத்தில் மலிவானவை. மலிவானதில் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருக்கலாம். அதுவும் தித்திக்கும், நிறமும் இல்லை. உள்ளே போனால் சிறுநீரகம் செத்துப்போகும். 1937இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்துத் திரவத்தில் இது இருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அந்த நாட்டின் மருந்துச் சட்டம் மாறியது. நாம் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோம். 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் சாவு இந்தியாவில் தயாரான சிரப்களோடு தொடர்புபடுத்தப்பட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்; அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம்.

அந்தக் குழந்தைகளுக்கு வந்தது, சில நாளில் தானே போயிருக்கக்கூடிய சாதாரணச் சளி. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுத வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. மெடிக்கல் ஷாப் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று "குழந்தைக்கு இருமலுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ஆண்டிபயாட்டிக்குக்கு ஒரு பத்தி போதும். சளியைத் தொடர்ந்து வரும் நெஞ்சு இருமலில் அது இருமல் நாளைக் குறைப்பது ஏறக்குறைய அரை நாள். அந்த அரை நாளுக்கு விலையாக வயிற்றுப்போக்கு, அடுத்த முறை மருந்து கேட்காத கிருமி. மஞ்சள் சளி வந்தால் அது பாக்டீரியாதான் என்பதும் சரியில்லை. அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களுடையது.

மருந்தில்லாத ஒரு வழி இருக்கிறது. இருமலைப் பாதியாவது நம்மால் அடக்க முடியும். மார்கழிக் கச்சேரியில் ஆலாபனை மெலிந்து நுனிக்குப் போகும்போது அரங்கில் ஒரு சத்தம் இருக்காது. உருப்படி முடிந்து கைதட்டல் எழுந்ததும் அத்தனை தொண்டையும் ஒன்றாகக் கனைக்கும். ஐரோப்பிய இசை அரங்குகளில் இதைப் பற்றிப் பொருளியலாளர் ஒருவர் கட்டுரையே எழுதியிருக்கிறார். அனிச்சைச் செயல் மட்டும்தான் என்றால் இருமல் தனியாவர்த்தனம் முடியும்வரை காத்திராது. மேல் மூளைக்கும் அதில் பிடி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இதையே சிகிச்சையாக்கினார்கள். மருந்துக்கு அடங்காத நாள்பட்ட இருமல்காரர்கள் 87 பேரில் ஒரு பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2006இல் வந்த முடிவில் அவர்களில் 88 சதவீதம் பேர் தேறினார்கள், பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 14 சதவீதம். பயிற்சி எளிமையானது. அரிப்பு எழுந்தவுடன் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்க வேண்டும், அல்லது எச்சிலையாவது. மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். வாயால் மூச்சு இழுக்கக் கூடாது, தொண்டையைக் கனைக்கக் கூடாது. ஒவ்வொரு இருமலும் அடுத்த இருமலுக்கு நரம்பைத் தீட்டிவைக்கிறது. அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் நோக்கம்.

நரம்பையே நேரடியாக அடக்கும் மருந்தும் வந்திருக்கிறது. ஜெஃபாபிக்ஸன்ட் என்பது பெயர். ஜப்பான் 2022இல் ஒப்புக்கொண்டது, அடுத்த ஆண்டு ஐரோப்பா. அமெரிக்கா இருமுறை திருப்பி அனுப்பிவிட்டது. இருமல் குறைகிறது, ஆனால் சாப்பிடுபவர்களில் பலருக்கு நாக்கில் ருசி போய்விடுகிறது. சாம்பாரும் ரசமும் ஒன்றுபோல் இருக்கும் என்றால் இருமிக்கொண்டே இருக்கலாம் என்று நம்மில் பலர் முடிவெடுப்போம்.

பதினெட்டு நாள் பொறுங்கள் என்று இதுவரை சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லண்டன்காரர் மூன்று வாரம் தாராளமாகப் பொறுக்கலாம். இந்தியாவில் இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் ஓட வேண்டும்: வைத்தியத்தில் பொறுமை, பரிசோதனையில் அவசரம். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். காசநோயாளி சானடோரியத்தில் போய்ப் படுக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்தது 1950களின் பிற்பகுதியில் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வுதான். அந்த ஊர்க்காரர்கள் இருமலை மறைத்துக்கொண்டு திரிவது பொருத்தமில்லை.

இரவில் மட்டும் இருமல், கூடவே மூச்சில் விசில் சத்தம் என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம்; சில பேருக்கு விசில்கூட இராது, இருமல் மட்டுமே ஆஸ்துமா. சாப்பிட்டுப் படுத்ததும் வந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

இன்னொரு வகை இருமலும் உண்டு, அதைக் குடும்பத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஐம்பது அறுபது வயதுக்காரர். காய்ச்சலில்லை, சளியில்லை, படம் எடுத்தால் நுரையீரல் சுத்தம். ஆனால் மாதக்கணக்கில் தொண்டையில் ஒரு அரிப்பு, வறட்டு இருமல். தேன், மிளகுப்பால், தூதுவளைத் துவையல் எல்லாம் ஒரு சுற்று வந்தாயிற்று. அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'பிரில்' என்று முடியும் பெயர் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் நல்ல மருந்துகள் இவை. ஆனால் இவை தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது என்பதால், அந்தப் பொருள் மூச்சுக்குழாயில் சேர்ந்து இருமல் நரம்பைச் சீண்டுகிறது. மாத்திரை ஆரம்பித்த வாரத்திலும் இது தொடங்கலாம், பல மாதம் கழித்தும் தொடங்கலாம். அதனால்தான் சந்தேகம் அதன்மேல் விழுவதில்லை. தாமாக நிறுத்தக் கூடாது. அட்டையோடு டாக்டரிடம் போய், இருமலைச் சொல்லிக் கேட்டால் 'சார்டான்' வகைக்கு மாற்றித் தருவார். பெரும்பாலும் ஒன்று முதல் நாலு வாரத்துக்குள் இருமல் நிற்கும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். அதற்குள் அத்தை போன் செய்து ஒரு கசாயம் சொல்லாமல் இருந்தால் சரி.